(3, 5) வேறு, (5, 3) வேறு

மகள் ஒன்பதாம் வகுப்பு. கிராப் தாளில் (3, 5) குறிக்கச் சொன்னால், வலப்பக்கம் ஐந்து, மேலே மூன்று போய்ப் புள்ளி வைத்திருந்தாள். "ரெண்டும் அதே நம்பர்தானேப்பா?"

மொபைலில் மேப்பைத் திறந்தேன். சென்னை 13.08, 80.27. மாற்றி அடிக்கச் சொன்னேன். 80.27, 13.08. புள்ளி நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் போய் விழுந்தது!

"ஐயோ, மெரினாவைக் காணோம்!" என்று சிரித்தவள், அடுத்த நிமிஷமே மடக்கினாள். கணக்கில் பக்கவாட்டு எண்தான் முதலில். எக்ஸ், அப்புறம் ஒய். மேப்பில் மட்டும் ஏன் மேல்கீழ் சொல்லும் அட்சரேகை முந்திக்கொள்கிறது?

முழித்தேன். கடைசியில், "அந்தந்த இடத்து வழக்கம்மா" என்று சமாளித்தேன். வரிசையை முன்கூட்டியே பேசி வைத்தால்தானே அது வரிசைச் சோடி!

உங்கள் ஊரையும் மாற்றி அடித்துப் பாருங்கள். எங்கே விழுகிறது என்று கமெண்டில் சொல்லுங்கள்.