சந்தா என்னும் கடன்

அச்சகத்தில் மெஷின் ஓடும்போது ஆகும் செலவு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அது ஓடுவதற்கு முன்பு ஆகும் செலவைப் பார்க்கப் பக்கத்தில் நிற்க வேண்டும். சிவகாசியின் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில், நாள்காட்டி வேலைகளுக்கு நடுவே நின்று நான் கவனித்தது அந்த முன்வேலையைத்தான். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட்டுகளை மெஷின்மேன் பூட்டுகிறார். மையைக் கூட்டியும் குறைத்தும் தாள் தாளாக ஓட்டி, பூதக்கண்ணாடியை வைத்துக் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார். அதுவரை வெளியே வந்த தாள்கள் அனைத்தும் வேஸ்ட். ஆயிரம் பிரதியானாலும் பத்தாயிரமானாலும் இந்த வேலை ஒன்றுதான், இதற்கான கூலியும் ஒன்றுதான். அதன் பிறகு பாரங்களை மடித்து, அடுக்கி, பின் அடித்து, மூன்று பக்கமும் வெட்டுவதற்குத்தான் பிரதிக் கணக்கில் பணம் போகிறது. குறைந்த வாசகர்களுக்காகப் பத்திரிகை தொடங்க நினைப்பவர் முதலில் விசாரிப்பது தாள் விலையை. அவரை அழுத்தப்போவதோ முதல் பிரதிக்கு முன்பே முடிந்துவிடும் செலவு.

பலகை விளையாட்டுகளுக்கும் போர் விளையாட்டுகளுக்கும் நடத்தப்படும் இதழ்களில் இந்த முன்செலவு இன்னும் கனக்கிறது. எழுத்தாளரும் ஓவியரும் எந்த இதழுக்கும் வேண்டியவர்கள். இதற்கு வரைபடம் தீட்டுபவரும் வேண்டும், விதிகளைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்கும் சோதனைக்காரர்களும் வேண்டும். சிறுகதையில் ஓர் எழுத்துப் பிழையை வாசகர் பொறுத்துக்கொள்வார். விதியில் 2 என்பது 3 ஆகிவிட்டால் ஆட்டமே நடக்காது. அட்டைக் காய்களையும் சேர்த்துக் கொடுப்பதென்றால், எஃகுத் தகட்டை வளைத்து டை செய்து பஞ்சிங் போட வேண்டும். அது தனிக் கூலி. இந்த முன்செலவு மட்டும் ஓர் இதழுக்கு இரண்டு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேர் வாங்கினால் தலைக்கு 200 ரூபாய், 5,000 பேர் வாங்கினால் 40 ரூபாய். கடைக்காரர் கமிஷனும், விற்காமல் திரும்பும் பிரதிகளும் இதற்கு மேல். ஆகவே இத்தகைய இதழுக்கு உண்மையான முதல், வாசகர் முன்கூட்டிக் கட்டும் சந்தாதான் என்பது என் வாதம். ஆனால் அந்தப் பணம் வந்த நாளில் அது வருமானம் ஆகிவிடாது. இனிமேல் அனுப்ப வேண்டிய இதழ்களுக்காக வாங்கிய கடன் அது.

இதற்கு அமெரிக்காவின் 'ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்' இதழைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஜப்பானில் பணியிலிருந்த அமெரிக்க விமானப்படை வீரர் கிறிஸ் வாக்னர் 1967இல் அதைத் தொடங்கினார். தள்ளாடிய அந்த இதழை 1969இல் ஜிம் டன்னிகன் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இதழோடும் ஒரு முழு விளையாட்டை வைத்துக் கொடுத்தார். வடிவமைப்பாளர் ரெட்மண்ட் சைமன்சன் வரைபடத்துக்கும் காய்களுக்கும் ஒரு சீரான உருவம் தந்தார். அடுத்து எந்த விளையாட்டு வேண்டும் என்று வாசகரிடமே இதழ்தோறும் கேள்விப் பட்டியல் மூலம் கேட்டார்கள். வாங்குபவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பதை அச்சுக்குப் போவதற்கு முன்பே அறிந்துகொண்ட இந்த முறையை மிகவும் மதிக்கிறேன். ஆனால் 1982இல் அவர்களின் எஸ்.பி.ஐ. நிறுவனம் பணமுடையில் சிக்கியது. கடன் கொடுத்திருந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் சொத்துகளை எடுத்துக்கொண்டது. பழைய சந்தாதாரர்களுக்கு மீதி இதழ்களை அனுப்பும் பொறுப்பை மட்டும் ஏற்க மறுத்தது. சந்தா கட்டிய தாங்களும் எஸ்.பி.ஐ.க்குக் கடன் கொடுத்தவர்கள்தான் என்பது அன்றுதான் அவர்களுக்கே தெரிந்தது.

சந்தாவை நம்பாமலே நிலைத்த இதழ்கள் உண்டே என்று கேட்கலாம். பிரிட்டனின் 'ஒயிட் ட்வார்ஃப்' 1977 ஜூனில் 4,000 பிரதிகளோடு வந்து இன்றும் வருகிறது. அதை நடத்தும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் அப்போது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் ஐரோப்பிய விநியோக உரிமையைக் கையில் வைத்திருந்தது. இதழின் ஒவ்வொரு பக்கமும் கடையில் இருக்கும் பெட்டியை விற்றது. 1980களின் பிற்பகுதியில் அது முழுக்கத் தன் பொருள்களுக்கான இதழாகவே மாறியது. விற்க வேறு பொருள் இல்லாதவர் அதைப் பார்த்துத் துணிவது தவறு. விளம்பரங்களை நம்பலாமா? இத்துறையில் விளம்பரம் கொடுப்பவர்களும் சிறு பதிப்பாளர்களே; வாசகர் கூட்டத்தைக் காட்டாமல் அவர்களிடம் கேட்க முடியாது. இணைய இதழாக்கிவிட்டால் அச்சுச் செலவு போகும் என்பது இவற்றில் வலுவான மறுப்பு. போவது தாளும் பின்னும் தபாலும். எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் ஆடிச் சோதித்தவருக்கும் கொடுக்க வேண்டியது அப்படியே நிற்கும். 1976இல் பிறந்த 'டிராகன்' இதழ் 2007 செப்டம்பரில் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. அங்கும் 2013 டிசம்பரோடு நின்றது. அச்சிலும் மின்பிரதியாகவும் விற்ற 'கோபோல்ட் குவார்ட்டர்லி' 2007 முதல் 2012 வரை 23 இதழ்களோடு முடிந்தது.

'டிராகன்' அச்சில் நின்றபோது அதை நடத்தி வந்தது பைசோ என்ற நிறுவனம். இதழை நடத்தும் உரிமம் கைவிட்டுப் போனது, கையில் மிஞ்சியது சந்தாதாரர் பட்டியல். மீதித் தொகையைத் திரும்பப் பெறலாம், கடையில் வரவு வைத்துக்கொள்ளலாம், அல்லது புதிதாக மாதந்தோறும் வரப்போகும் 'பாத்ஃபைண்டர்' தொடருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சந்தாதாரர்களுக்கு வழிகளைக் கொடுத்தார்கள். 2007 ஆகஸ்டில் அத்தொடரின் முதல் நூல் வந்தபோது, வாங்குவதற்கு ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அதே பெயரில் 2009இல் பைசோ தன் சொந்த விளையாட்டையே வெளியிட்டது.