பின்சீட்டு

தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு, ஊத்து வழியாக வத்தலக்குண்டுக்கு இறங்குகிற ஜீப்பில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முன்சீட்டு குடியானவருக்கு, நடுச்சீட்டு அவர் வீட்டாருக்கு, பின்னால் எதிரெதிராகப் போட்ட பலகை காலனி ஆட்களுக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஏறுகிற காலுக்கே தெரியும். பின்சக்கரத்துக்கும் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் அந்த இடத்தில்தான் வண்டியின் ஆட்டம் முழுவதும் வந்து சேரும். வளைவுக்கு வளைவு வாந்தி. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு எங்கம்மா சொல்லும்: “கக்கிறாத பாப்பா, சீட்டு நாறுச்சுன்னா அடுத்த தடவ ஏத்த மாட்டான்.” வாந்தியை விழுங்கக் கற்றுக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன், காலேஜ் போனேன், தமிழில் எம்.ஏ. வாங்கினேன்.

ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரி என் மதினிக்கு வலி எடுத்தது. 2008-லிருந்து 108 இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் காலனியில் சிக்னல் கிடையாது. போன் போடக் காப்பித் தோட்டத்து மேட்டுக்கு ஏற வேண்டும், மழையில் மேட்டிலும் கிடைக்கவில்லை. ஊருக்குள் இரண்டு ஜீப் நின்றது. ஒருத்தர் டீசல் இல்லை என்றார். இன்னொருத்தர் கதவைத் திறக்காமலே, “பிள்ளைப்பேத்துத் தீட்டு, சீட்டெல்லாம் கெட்டுப்போகும்” என்றார். வாழைத்தார் ஏற்றப்போன லாரியை மறித்து ஏற்றிக்கொண்டு போனோம். மதினி பிழைத்தது. பிள்ளை தங்கவில்லை.

அப்புறம்தான் மகளிர் குழுவில் கடன் போட்டு, எங்கண்ணன் கம்மலை அடகு வைத்து, ஒரு பழைய டீசல் வண்டி வாங்கினோம். பத்துப் பேர் உட்காரலாம். ஊரில் அதையும் ஜீப்பு என்றுதான் சொல்வார்கள், கம்பெனிப் பேர் எதற்கு. காலனிக்கென்று ஒரு வண்டி. முன்சீட்டில் எங்க அம்மாச்சியை உட்காரவைத்து பண்ணைக்காடு வரை ஒரு நடை போய்வந்தோம். அது ஒரு ஊர்வலம் மாதிரிதான் இருந்தது.

ஊர்வலம் ஊத்தைத் தாண்டவில்லை. ஆள் நிறைந்ததும் வண்டி வளைவில் ஒரு பக்கமாக அப்படியே சாய்ந்து, மறு வளைவில் மறுபக்கம் விழுந்தது. பின்சீட்டில் இருந்த சின்னம்மா கதவில் மோதி நெற்றி வீங்கிப்போச்சு. எங்கள் சொந்த வண்டியில் எங்கள் சனத்தையே நாங்கள் வாந்தி எடுக்கவைத்தோம். ஊர்க்காரர்கள் டீக்கடையில் சிரித்தார்கள்: “காலனி வண்டி தண்ணியப் போட்ட மாதிரி ஆடுதுடா.”

என் தம்பி வத்தலக்குண்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருசம் வேலை பார்த்தவன். அங்கே எந்த வண்டிக்கும் அடியில் படுக்கலாம், எந்த எஞ்சினையும் தொடலாம், ஆனால் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. அவன் அடியில் நுழைந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: “யக்கா, பின்னாடி ஸ்டெபிலைசர் ராடே இல்ல. முன்னாடி வச்சிருந்தவன் கழட்டி வித்துட்டான், கிளாம்ப் மட்டும் தொங்குது. முன்னாடி இருக்கிறதும் புஷ்ஷு போயி சும்மா கெடக்கு.”

எனக்குப் புரியவில்லை. படுத்துப் பார்த்தால்தான் புரியும் என்றான். சாக்கை விரித்து நானும் படுத்தேன். (பொம்பளைப் பிள்ளை வண்டிக்கடியில் படுக்கிறாளே என்று பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலனியிலும் பின்சீட்டு உண்டு தோழர்களே, அதில் உட்காருவது யாரென்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

வில்லுக்குரிய எஃகுக் கம்பியை ‘ப’ எழுத்துப் போல வளைத்தது அந்த ராடு. நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களுக்குள் சுழலும்படி வண்டியோடு பிடித்திருக்கும். இரண்டு நுனியும் லிங்க் ராடு வழியாக இடது சக்கரத்தின் பக்கமும் வலது சக்கரத்தின் பக்கமும் போய்ச் சேரும். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும், அதற்கு வேலையில்லை. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போதுதான் ஒரு நுனி மேலே, ஒரு நுனி கீழே போகும். அப்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கு அவிழப் பார்க்கிற பலம்தான் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது. தனியாகச் சாயவிடாமல் ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு கட்டிவைக்கிற வேலை.

இதைச் சொன்னபோது எங்கம்மா தன் தாத்தா கதையை எடுத்தது. அவர் நாற்காலி தூக்கியவர். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் வீடு கட்டியதிலிருந்து, லா என்ற வெள்ளை அதிகாரியின் பேரால் வழங்கும் காட் ரோடு 1910-களின் நடுவில் திறக்கும்வரை, மலையேற ரோடு கிடையாது. கீழே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து துரைகளும் துரைசாணிகளும் குதிரையிலோ, கூலிகள் தோளில் கம்பு கட்டிய நாற்காலியிலோதான் செண்பகனூர் வழியாக மேலே போனார்கள். “பள்ளத்துப் பக்கம் நிக்கிறவன் தோளுலதான் பாரம் பூராம் எறங்கும். நாக்காலி சாஞ்சா துரை அடிப்பான். எங்க தாத்தாவுக்கு எடது தோள்பட்டை கடைசிவரைக்கும் எறங்கியேதான் கெடந்துச்சு” என்றது அம்மா. கோடைக்கானல் வரலாறு என்று விற்கிற புத்தகங்களில் ஏரி வெட்டியவர் பேர் இருக்கிறது, ரோடு போட்டவர் பேர் இருக்கிறது.

திண்டுக்கல்லில் பழைய சாமான் கடையில் தேடி, அதே வண்டியின் உசத்தி மாடலுக்கு வருகிற ராடுகளை வாங்கினான் தம்பி. கண்ட கம்பியை வளைத்து வெல்டு வைக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தான். வெல்டிங் சூட்டில் எஃகின் வில்தன்மை போய்விடும், வளைவில் ஒடியும். வண்டியின் அமைப்பையே மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் விடாது. எங்கள் ஆட்களைப் பிடிக்கச் செக்போஸ்டில் ஒரு காரணம் போதாதா.

பழைய முன்ராடு 22 மில்லிமீட்டர் தடிமன், புதுசு 24. இரண்டு மில்லிதானே என்று நினைத்தேன். விறைப்பு தடிமனின் நான்காம் மடங்கில் ஏறுமாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 100 இருந்த இடத்தில் கிட்டத்தட்ட 142 வருகிறது. முன்னால் மட்டும் தடிமனாகப் போட்டால் ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் வண்டி நேரே பள்ளத்தைப் பார்த்துப் போகும், பின்னால் மட்டும் அதிகமாகப் போட்டால் மழை ரோட்டில் வால் வெட்டும், அதனால் இரண்டும் பொருந்தித்தான் இருக்க வேண்டும் என்றான். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதில் ஃபெயிலாக்கி அனுப்பிய பையன் இவன்.

வீட்டு வாசலில் கொஞ்சம் சமதரை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பித்தோம். சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தினோம். செங்கல் அடுக்கலாம் என்று யாரோ சொன்னதற்குத் தம்பி கெட்ட வார்த்தையில் திட்டினான். செங்கல் சொல்லாமல் நொறுங்கும். அவனோடு வேலை பார்த்த பையன் ஒருத்தன் அப்படித்தான் போனான்.

முன்பக்கம் சீக்கிரம் முடிந்தது. நட்டைத் திருகினால் லிங்க் ராடின் தண்டும் சேர்ந்து சுற்றும், அதன் நுனியில் அலன்கீயைச் சொருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது என் வேலை. கையெல்லாம் கருப்பு. பின்பக்கத்தில்தான் தப்பு செய்தோம், சரியாகச் சொன்னால் நான் செய்தேன். ஸ்டாண்டு இரண்டுதான் இருந்தது. பின்னால் இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு ராடை மாட்டி, துளை பொருந்தவில்லை என்று லிங்க் நட்டை மறுபடி கழற்றினேன். ஒரு சக்கரம் மேலேயும் ஒன்று கீழேயும் இருந்தால் ராடு முறுக்கிக்கொண்டு நிற்கும் என்று காலையில்தானே பாடம் கேட்டேன். கழன்ற நுனி விசுக்கென்று அடித்தது. மணிக்கட்டுக்கு மேலே நாலு தையல். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்போதுதான் அதைத் தொட வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தையல் போட்டுவந்து மறுநாள் முடித்தோம். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதா கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும் என்று சோப்புத் தண்ணீர் போட்டு ஏற்றினான். எல்லா நட்டையும் பாதி முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, சொந்தப் பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கினான். மேல் கேரியரையும் கழற்றி எறிந்தான். தலையில் பத்து வாழைத்தாரைச் சுமந்துகொண்டு அடியில் என்ன ராடு போட்டாலும் வீண்.

கையில் கட்டோடு படுத்திருந்த அந்த ராத்திரி அண்ணல் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நினைவுக்கு வந்தது. 1929-இல், அரசாங்கக் கமிட்டி உறுப்பினராக அவர் சாலிஸ்கானில் இறங்குகிறார். தீண்டாதவரை ஏற்றிப்போக எந்த டாங்காக்காரனும் வரவில்லை. டாங்காவை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள், ஓட்டத் தெரியாத மகார் ஒருத்தர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. மாணவியாகப் படித்தபோது டாங்காக்காரனின் திமிர்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது ஓட்டத் தெரியாமல் கடிவாளத்தைப் பிடித்த அந்த மனுசரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேர் என்னவோ. தன் தலைவரைத் தன் கையாலேயே கீழே தள்ளிவிட்டோமே என்று எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாரோ. வண்டி கிடைத்தால் போதும் என்று நாங்களும்தான் இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை ஆள் ஏற்றாமல், அரிசி மூட்டையை அடுக்கி, பெருமாள்மலை வரை ஓட்டிப் பார்த்தோம். சாய்வு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் ஒரு குறையும் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் அந்த அடி இப்போது மறுபக்கமும் போகிறது, வண்டி தலையை ஆட்டுகிறது. குழி விழுந்த எங்கள் காலனி ரோட்டுக்கு ராடு ஒன்றும் செய்யாது. அதற்கு மனு எழுதி மூன்று வருசமாகிறது.

போன ஐப்பசியில் மதினிக்கு மறுபடி வலி எடுத்தது. அதே மழை. தம்பி ஓட்டினான். பின்சீட்டில் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். டம்டம் பாறையைத் தாண்டும்போது மதினி கேட்டது, “எறங்கிட்டமா?” காமக்காபட்டி விளக்கு தெரிகிறது என்றேன்.

பொம்பளைப் பிள்ளை. இரண்டே முக்கால் கிலோ.