நடுங்கும் கைக்கு ஏற்றது

செப்டம்பர் பிறந்துவிட்டால் மிச்சிகனில் வில் விற்கும் கடைகளில் கூட்டம் கூடிவிடும். அக்டோபர் 1-ஆம் தேதி வில்வேட்டைப் பருவம் தொடங்குகிறது. நவம்பர் 15-இல் துப்பாக்கிக்காரர்கள் காட்டுக்குள் வந்துவிடுவார்கள். இடைப்பட்ட ஆறு வாரம்தான் வில்லுக்காரர்களுக்கு உயிர். இங்கே வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளிலும் சிலர் உரிமம் எடுத்து, பாதுகாப்பு வகுப்பு முடித்து, முறைப்படி மான் வேட்டைக்குப் போகிறார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. அங்கே அது சரியான சட்டம். இங்கே நிலைமை வேறு. மானை அடித்துத் தின்னும் பெரிய விலங்குகள் அருகிப்போன நிலத்தில் வெள்ளைவால் மான் பெருகிக்கிடக்கிறது. எப்போது, எத்தனை என்று வரம்பு கட்டி அரசே வேட்டைக்கு அனுமதி தருகிறது. அந்தப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "ஐயா, எந்த ஆரோ ரெஸ்ட் வாங்கலாம்?"

நாணை இழுக்கும்போதும் விடும்போதும் அம்பின் முன்பாதி எதன்மேல் தங்கியிருக்கிறதோ அதுதான் ரெஸ்ட். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பொருள். வில்லின் விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான். அதனாலேயே பலர் அதைக் கடைசியாக, கையில் மிஞ்சிய பணத்துக்கு வாங்குகிறார்கள். ஆனால் நாண் கொடுக்கும் வேகம் முழுவதையும் ஏந்திக்கொண்டு அம்பு கிளம்பும் அந்த நொடியில் அதை உரசிக் கெடுக்கக்கூடியதும் இதுதான், ஒழுங்காக வழிவிடக்கூடியதும் இதுதான்.

ஒரு காலத்தில் கைதான் ரெஸ்ட். இங்கிலாந்தின் நெடுவில்லாளிகள் வில்லைப் பிடித்த கையின் மேலேயே அம்பை வைத்து எய்தார்கள். பிற்காலத்து வில்களில் கைப்பிடிக்கு மேலே சிறு மேடை செதுக்கி, அதில் தோலோ ரோமமோ ஒட்டினார்கள். இதே மிச்சிகனில், கிரேலிங் ஊரில் வில் செய்த ஃப்ரெட் பேர் (1902–1988) தம் ரிகர்வ் வில்லைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அந்த மேடையிலிருந்தே எய்து பெரிய விலங்குகளை வீழ்த்தியவர். அம்பின் வாலில் பறவை இறகு இருந்ததால் அது முடிந்தது. மேடையில் உரசினாலும் இறகு மடங்கிக்கொடுத்துப் போய்விடும். பிளாஸ்டிக் வால் மடங்காது. அங்கே இடித்து அம்பைத் தள்ளிவிடும்.

ஹாலஸ் வில்பர் ஆலன் என்ற மிசௌரிக்காரர் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு 1969-இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு நாணை விரலால் விடும் பழக்கமும் குறைந்து, விசை வைத்த ரிலீஸ் கருவி பரவியது. விரலால் விட்டால் அம்பு பக்கவாட்டில் நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போகும். ரிலீஸால் விட்டால் மேலும் கீழுமாக நெளியும். ஆகவே, தம்பி, நீ முதலில் பார்க்க வேண்டியது உன் கையை. விரலால் விடுகிறவன் என்றால், அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் சுருள்வில் பொத்தான் வைத்த ரெஸ்டோ பழைய மேடையோ போதும். ரிலீஸ் வைத்திருந்தால் இன்று கடையில் உன் முன்னால் இரண்டு வகை இருக்கும்.

ஒன்று விஸ்கர் பிஸ்கட். வட்டமான சட்டத்துக்குள் தூரிகை மயிர்போலக் கெட்டி இழைகள். நடுவில் அம்புக்கு ஒரு துளை. மேலே நுழைக்க ஒரு பிளவு. உள்ளே வைத்துவிட்டால் வில்லைக் கவிழ்த்தாலும் அம்பு விழாது. அசையும் உறுப்பு எதுவும் இல்லை. குறையும் உண்டு. அம்பின் வால் இழைகளுக்குள் புகுந்து போவதால் வேகத்தில் வினாடிக்குச் சில அடி குறையும், வால் சீக்கிரம் நைந்துபோகும். நனைந்த இழைகள் உறைபனியில் விறைத்துக்கொள்ளவும் செய்யும்.

மற்றது டிராப் அவே. நாணை இழுக்கும்போது எழுந்து அம்பைத் தாங்கும். விட்டவுடன் விழுந்து, வால் தொடாமல் போக வழிவிடும். ஒரு மெல்லிய கயிறு வில்லின் கேபிளிலோ வில்லின் கையிலோ கட்டப்பட்டிருக்கும். எழுவதும் விழுவதும் அதன் பொறுப்பு. ஒழுங்காக அமைத்துவிட்டால் இதைவிடச் சுத்தமாக அம்பு பறக்காது. அகலக் கூர்முனை மாட்டிய அம்புக்கு இது சிறு விஷயமல்ல. அம்பு சற்றே தடுமாறினாலும் அந்த முனையின் தகடுகள் காற்றைப் பிடித்து அதை வேறு பக்கம் இழுத்துவிடும். ஆனால் கயிறு நையலாம், முடிச்சு நழுவலாம், எழும் நேரம் தப்பலாம். தப்பினால் அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

கடையில் எல்லோரும் கேட்பது வேகத்தையும் துல்லியத்தையும்தான். விளக்கு வெளிச்சத்தில், நேராக நின்று, சட்டையோடு, இருபது கெஜத்தில் இரண்டு ரெஸ்டிலும் எய்து பார்ப்பார்கள். இரண்டிலும் அம்பு ஒரே இடத்தில் குத்தும். பிறகு விலையைப் பார்த்து முடிவெடுப்பார்கள். மான் வருவது அப்படிப்பட்ட இடத்துக்கு அல்ல. நீ விடியுமுன்னே மரப்பரணில் ஏறி உட்கார்ந்திருக்கிறாய். விரல் மரத்துப்போயிருக்கிறது. கோட்டின் கை தடித்திருக்கிறது. உட்கார்ந்தபடி, இடுப்பை முறுக்கி, கீழ்நோக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இரண்டு முனை கொண்ட பழைய திறந்த ரெஸ்டாக இருந்தால் அந்த நேரத்தில்தான் அம்பு நழுவி, கார்பன் தண்டு அலுமினியத்தில் 'டிங்' என்று தட்டும். மானின் காதுக்கு அது போதும்.

ஓசையைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். முப்பது கெஜம் என்றால் 90 அடி. வினாடிக்கு 270 அடி ஓடும் அம்புக்கு அதைக் கடக்க மூன்றில் ஒரு வினாடி வேண்டும். நாணை விடும்போது எழும் ஒலி வினாடிக்குச் சுமார் 1,100 அடி போகிறது. பத்தில் ஒரு வினாடி ஆகுமுன்பே மானைத் தொட்டுவிடும். மிச்ச நேரத்தில் மிரண்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் படும், அல்லது ஒன்றிலும் படாமல் போகும். அதனால் அம்பு தொடும் ஒவ்வொரு உலோகப் பகுதியிலும் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்ட வேண்டும். ராத்திரி அமைதியில், காதை வில்லுக்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாக இழுத்துக் கேள். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தாலும் அதைப் போக்காமல் தூங்கப் போகாதே.

நான் இந்தப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: உன் நல்ல நாளுக்காக ரெஸ்ட் வாங்காதே, கெட்ட நாளுக்காக வாங்கு. நாம் வாழ்க்கையில் எடுக்கும் பெரிய முடிவுகளில் பல, எல்லாம் சரியாக நடக்கும் என்ற கணக்கில் எடுத்தவை. வீட்டுக்கடன் வாங்கும்போது இருவர் சம்பளமும் கடைசிவரை வரும், யாருக்கும் நோய் வராது என்றே தவணை போடுகிறோம். தப்பினால் அங்கே நாமும் நம்மைச் சார்ந்தவர்களும் அனுபவிப்போம். வேட்டையில் விலை கொடுப்பது நாமல்ல. இதயத்திலோ நுரையீரலிலோ அம்பு பட்டால் மான் சில வினாடிகளில் சாய்ந்துவிடும். குடலில் பட்டால் எங்கோ ஒரு புதரில் படுத்துப் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். வில்லை எடுத்தவன் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது. சாதனை, கொம்பு, புகைப்படம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே முதல் பருவத்துக்குப் போகிறவனுக்கு விஸ்கர் பிஸ்கட்டையே சொல்கிறேன். வேகத்தில் குறையும் சில அடிகளுக்காகக் கவலைப்படாதே. அம்பு விழாது என்ற நிம்மதி கையின் நடுக்கத்தில் பாதியைக் குறைத்துவிடும். பதறாத காரியம் சிதறாது. மழையோ பனியோ பெய்தால் இழைகளை உதறி, விரலால் தடவி உலர்த்திக்கொள். வில்லின் குணம் புரிந்து, கயிற்றையும் முடிச்சையும் நீயே சரிபார்க்கும் பழக்கம் வந்த பிறகு டிராப் அவேக்கு மாறு. அப்போதும், வில்லை அசைத்தாலும் அம்பைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கும் வகையாகப் பார்த்து வாங்கு. மாறிய அன்றே ஒரு சோதனை செய்: கால் நாற்றத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை அம்பின் வாலிலும் ரெஸ்டிலும் அடித்து ஒரு முறை எய். வெள்ளைப் பூச்சில் எங்காவது கோடு விழுந்திருந்தால் ரெஸ்ட் இன்னும் நேரத்துக்கு விழவில்லை என்று பொருள். காகிதத்தை ஒரு சட்டத்தில் விரித்துக் கட்டி, சில அடி தூரத்திலிருந்து எய்தும் பார். கிழிசல் நீளமாக இருந்தால் அம்பு கோணலாகப் போகிறது. பருவம் பாதியில் இருக்கும்போது கயிற்றை மறுபடி விரலால் நெருடிப் பார்.

ரெஸ்டைக் கடைக்காரர் மாட்டிக் கொடுத்ததும் நின்றபடி எய்து பார்த்துவிட்டு வராதே. ஒரு நாற்காலி கேள். உட்கார்ந்து, உடம்பைத் திருப்பி, தரையை நோக்கி இழுத்துப் பார். அப்போது நவம்பரில் போடப்போகும் அந்தத் தடித்த கோட்டும் கையுறையும் உன்மேல் இருக்க வேண்டும். அவற்றை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போ.