புதுப்பேட்டையில் ஒரு யந்திர ஸ்நானம்

சென்னை எழும்பூருக்கு அருகே, கூவம் நதியை ஒட்டிக் கிடக்கும் புதுப்பேட்டையைப் பழைய உதிரிபாகங்களின் சந்தை என்ற அளவிலேதான் பலரும் அறிவார்கள்; ஆனால், கழற்றிய கதவுகளும் கியர்ப் பெட்டிகளும் குவிந்து கிடக்கும் அந்தத் தெருக்களில், அழுக்கேறிய என்ஜினைத் துடைப்பதையே ஒரு சாஸ்திரமாகப் பயின்ற தொழிலாளரும் இருக்கிறார்கள் என்பது நேரில் போய்ப் பார்த்தவர்களுக்கே விளங்கும்.

நான் போனபோது தகரக் கொட்டகை ஒன்றின் வாசலில், 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் பொருந்திய பழைய அம்பாசடர் ஒன்று பானெட்டைத் திறந்தபடி நின்றது. வங்காளத்து உத்தர்பாராவில் 2014-ஆம் ஆண்டோடு இந்த வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டபோதிலும், அதைக் கைவிட மனமில்லாத சொந்தக்காரர்கள் இன்னும் இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிப்போன கறுப்புப் படலம் என்ஜினை மூடியிருந்தது. பேட்டரிக்குப் பின்னால் எலி ஒன்று தேங்காய் நாரையும் துணிக்கிழிசலையும் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது.

எல்லோரும் மேஸ்திரி என்று அழைக்கும் பெரியவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. "சூடு ஆறட்டும் சார், அவசரப்பட்டா ஆபத்து" என்று சொல்லிக் காத்திருந்தார். கொதிக்கிற வார்ப்பிரும்புப் புகைக்குழாயின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் அது விரிசல் கண்டுவிடக்கூடும் என்பதும், சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்திலே பாயும் என்பதும் அவருடைய சிரத்தைக்குக் காரணங்கள். ஆறியபின், விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பேட்டரியில் வண்டியின் உடலோடு இணைந்த 'எர்த்' கம்பியை முதலில் அவிழ்த்தார். மற்றதை முதலில் அவிழ்க்கும்போது ஸ்பானர் தவறி இரும்பில் பட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போதும் இதே காரணத்தால் எர்த் கம்பிதான் கடைசி.

பிறகு அரை மணி நேரம் நடந்தது முழுவதும் உலர்ந்த வேலை. இலைச் சருகையும் எலிக் கூட்டையும் கையால் எடுத்து, எலி கடித்த வயர் ஏதேனும் உண்டா என்று விரலால் தடவிப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, காற்று புகும் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் பைகளால் மூடி ரப்பர் பட்டை போட்டார். புதிய வண்டிகளானால் ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பெட்டி, கம்ப்யூட்டர் பெட்டி, அதன் இணைப்புகள் எல்லாவற்றையும் இப்படி மறைக்க வேண்டுமாம். வீட்டு முற்றத்தில் தாமே இதைச் செய்ய விரும்புகிறவர்கள் வேறு எதைச் சுருக்கினாலும் இந்த அரை மணி நேரத்தைச் சுருக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அழுக்கைக் கரைக்கப் பெட்ரோலைப் பிரயோகிப்பவர்களை அவர் கடுமையாகக் கண்டித்தார்; அதன் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் கண்ணுக்குத் தெரியாமல் தாழ்ந்து பரவி, எங்கோ இருக்கும் சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். கடுங்காரமான கரைசல்களோ அலுமினியப் பாகங்களை அரித்துவிடும். நீரில் கலக்கும் டீகிரீசரைப் பிரஷ்ஷில் தொட்டு, ஒவ்வொரு மூலையாகத் தேய்த்து, அது உலர்வதற்குள் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். தண்ணீரை வேகமாய் அடிக்கும் குழாய் பக்கத்திலேயே கிடந்தும் அதைத் தொடவில்லை. வாட்டர் சர்வீஸ் கொட்டகைகளிலே அழுத்தத்தோடு நீரை அடித்து, டீசலையும் தெளித்து, மினுமினுக்க வைத்து அனுப்பும் வழக்கத்தைப் பற்றிக் கேட்டேன். "பளபளன்னு இருந்தா போதும்னு நெனைக்கிறாங்க சார். எங்க கசியுதுன்னு கண்ணுல படத்தான் நாங்க தொடைக்கிறோம்" என்றார். டீசல் ரப்பர்க் குழாய்களைக் கெடுப்பதோடு, அது விட்டுச்செல்லும் பிசுக்கு மறுபடியும் தூசியை இழுத்துக்கொள்ளும். சுத்தம் என்பது இங்கே அலங்காரமன்று, நோய் நாடும் பரிசோதனை என்ற அவருடைய கருத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

வடிந்த கறுப்பு நீர் சாக்கடைக்கு ஓடி, கூவத்தின் துன்பத்தை இன்னும் பெருக்காதபடி, வண்டியின் கீழே மரத்தூள் பரப்பியிருந்தது மனத்துக்கு நிறைவளித்தது. ஆனால் உதவிக்கு நின்ற இளைஞரின் கைகளைப் பார்த்தபோது அந்த நிறைவு குறைந்தது. பழைய என்ஜின் எண்ணெயில் நெடுங்காலம் ஊறும் தோலுக்குப் புற்றுநோய் அபாயம்கூட உண்டென்று வைத்திய சாஸ்திரம் எச்சரித்திருக்க, எண்ணெய் புகாத கையுறை ஒரு ஜோடி அவருக்கு இல்லை. துணிக் கையுறை எண்ணெயை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்குமாதலால் அதனால் பயனில்லை. வண்டியை ஒப்படைக்கும் சொந்தக்காரரே இந்தச் சிறு செலவை ஏற்பதுதான் நியாயம்.

ஸ்பார்க் பிளக் குழிகளைத் துணியால் ஒற்றி உலர்த்தி, பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரிபார்த்து, பேட்டரி முனைகளில் வாஸலின் தடவி இணைத்த பின், திறந்த வெளியில் பானெட்டை மூடாமலே என்ஜினை ஓடவிட்டார்கள். மூடிய கொட்டகைக்குள் ஓட்டினால் புகையின் விஷவாயு உயிரையே பறிக்கும். முதலில் லேசாக 'மிஸ்ஸிங்' கேட்டது. என்ஜினை நிறுத்தி, ஈரம் தங்கிய பிளக் வயர் ஒன்றைத் துடைத்து மாட்டியதும் ஓசை சீரானது. சற்று நேரத்தில் டேப்பட் கவரின் ஓரத்திலே, சுத்தமான இரும்பின்மேல், புது எண்ணெய் மெல்லிய கோடாக இறங்குவது பிரத்தியட்சமாயிற்று. சூடான புகைக்குழாயில் சொட்டினால் தீப்பற்றக்கூடிய கசிவு அது. "பேக்கிங் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி மறுபடியும் ஸ்பானரைக் கையில் எடுத்தார்.