ஜானபத லோகத்தில் அம்மா

பெங்களூருக்கு மாற்றலாகி வந்து 9 வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் லால்பாக், கப்பன் பார்க், ஒரு மால் என்று சுற்றிக் காட்டி ரயிலேற்றி விடுவதுதான் வழக்கம். இந்த முறை அம்மா வந்திருந்தபோது, "அத்தையை ஜானபத லோகா கூட்டிட்டுப் போகலாமே" என்றார் தங்கமணி. எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது :-)

மைசூர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர், ராமநகரம் தாண்டியதும் வருகிறது. 2023-ல் திறந்த விரைவுச்சாலையில் போனால் ஊரையே சுற்றிக்கொண்டு போய்விடும். பழைய சாலைதான் சரி.

ஹெச்.எல். நாகேகௌடா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி நாட்டுப்புறக் கலைகளுக்காக 1979-ல் கர்நாடக ஜானபத பரிஷத்தை ஆரம்பித்தார். அதன் சார்பில் 1994-ல் திறக்கப்பட்டது இந்த 15 ஏக்கர் லோகா. சென்னைக்குப் பக்கத்தில் தட்சிணசித்ரா பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பழைய வீடுகளையே பெயர்த்து வந்து நிறுத்தியிருப்பார்கள். இங்கே விசேஷம், வீட்டிலும் வயலிலும் புழங்கிய பொருட்கள்.

முதலில் லோகமாதா மந்திரா. முழுக்க அடுப்படிச் சாமான். அம்மா "உரல்" என்றால் ஆறாவது படிக்கும் மகள் பலகையைப் படித்து "ஒரளு" என்கிறாள். முறம், மொர. உலக்கையைப் பார்த்ததும் "ஒனகெ!" என்று கத்திவிட்டாள். சித்ரதுர்கா கோட்டைப் பாறை இடுக்கு வழியாக நுழைந்த ஹைதர் அலியின் படைவீரர்களை உலக்கையாலேயே அடித்துப் போட்ட ஒனகெ ஓபவ்வாவை இங்கே தெரியாத பிள்ளைகள் கிடையாது.

"உங்க ஊர்ல யாராவது உலக்கையால சண்டை போட்டாங்களா அப்பாயி?"

"நெல்லு குத்தி முடிச்சா கையைத் தூக்கவே முடியாது. இதுல சண்டை வேறயா? இதெல்லாம் ஒழிஞ்சுதேன்னு நான் நிம்மதியா இருக்கேன், உங்கப்பன் டிக்கெட் வாங்கிக் காட்டுறான்."

எனக்குப் பிடித்தது அளவைகள். வணிகவியல் படித்தவன் புத்தி. நம் பக்கம் 4 உழக்கு ஒரு படி. இங்கே 4 பாவு ஒரு சேரு. நமக்கு 12 மரக்கால் ஒரு கலம். இவர்களுக்கு 20 கொளக ஒரு கண்டுக. மகளுக்கு இதையெல்லாம் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது ஆயகார மாளா. தச்சர், கொல்லர், குயவர் என்று ஊருக்கு உழைத்த பன்னிரண்டு வகைத் தொழிலாளர்களை ஆயகாரர் என்பார்கள். வருடம் முழுவதும் வேலை, கூலி அறுவடையில் தானியமாக. "பாஸ்புக் இல்லாத ஓவர்டிராஃப்ட்" என்று தங்கமணியிடம் ஜோக் அடித்தேன்.

அம்மா கலப்பை முன்னால் நின்றுவிட்டார்.

என் தாய்வழித் தாத்தா தச்சர் என்பது எனக்குத் தெரியும். கலப்பை, வண்டிச் சக்கரம் எல்லாம் செய்வார் என்பதும் தெரியும். எப்படிக் கூலி வாங்கினார் என்று கேட்டதே இல்லை.

"தை மாசம் களத்துல கூடையோட நிப்போம் தம்பி. எல்லாருக்கும் அளந்தப்புறம்தான் எங்களுக்கு. மரக்கால் ஒண்ணுதான். அவங்க வீட்டுக்கு அளக்குறப்ப கோபுரமா குமிச்சு அளப்பாங்க. எங்க கூடைக்கு வர்றப்ப கையால தலைதட்டி வழிச்சு விட்டுருவாங்க. அப்பா வாயைத் திறக்க மாட்டாரு. அடுத்த வருஷமும் அதே களத்துலதான நிக்கணும்?"

மகள் "ஏன் கேக்கலை?" என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை. அப்பன் தொழில்தான் மகனுக்கும் என்று இருந்த ஊரில் வேறு யாரிடம் போய் வேலை செய்வது என்பதை நான்தான் பிறகு காரில் சொல்ல வேண்டியிருந்தது.

1956-ல் எடை, அளவைச் சட்டம் வந்தது. படியும் மரக்காலும் போய் கிலோவும் லிட்டரும் வந்தன. பரீட்சைக்காகப் படித்தபோது அது எனக்கு ஒரு தேதி. மரக்காலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாம். அளந்த கையை எங்கே வைப்பது? அது அம்மா மாதிரி யாராவது கூட வந்தால்தான் தெரிகிறது. அங்கே உள்ள பொருட்கள் அருமையானவை, சேர்த்தவர் உழைப்பு பெரியது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று இனி நான் சொல்லும்முன் கொஞ்சம் யோசிப்பேன்.

திரும்பும் வழியில் மகள் அப்பாயியிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். கூடை எவ்வளவு பெரிசு? அம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

பி.கு: செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெயிலுக்குமுன் போய்விடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர்களைப் பேசவிட்டு நீங்கள் பின்னால் நடங்கள்.