அவர் எந்தத் திருமுறையில்?

புனித நூல்களை யார் பாடினார்கள், யார் எழுதினார்கள் என்று கேட்கிறோம். யார் வரிசைப்படுத்தினார்கள் என்று கேட்பது குறைவு.

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் தென்புறச் சுவரில் ஆடவல்லான் சிற்பம் இருக்கிறது. அதன் கீழே வற்றிய உடலோடு காரைக்கால் அம்மையார். மாணவிகளை அழைத்துப் போனால் அங்கே அதிக நேரம் நிற்போம். முதலாம் இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இந்தக் கோயிலைக் கருவூர்த் தேவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அம்மையாரோ தேவார மூவருக்கும் மூத்தவர், இந்தக் கோயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். அவர் பாடியவை எல்லாம் பதினொன்றாம் திருமுறையில். "முன்னாடி பாடுனவங்க ஏம்மா பின்னாடி இருக்காங்க?" என்றாள் ஒரு மாணவி.

திருமுறைகளைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி என்பது மரபு. அவர் காலவரிசையில் தொகுக்கவில்லை. தேவாரம் முதலில், இசைப்பாக்கள் ஒன்பதில், பலர் பாடிய பிரபந்தங்கள் பதினொன்றில் என்று வகைமை சொல்லலாம். ஆனால் அம்மையாரின் இரண்டு பதிகங்களுக்கும் பண் உண்டு: நட்டபாடை, இந்தளம். பதிகம் என்ற வடிவத்துக்கே முன்னோடி அவை. அதனால்தான் 'மூத்த திருப்பதிகம்' என்று பெயர். பெயரில் மூத்தது, வரிசையில் பின்னது. பதினொன்றாம் திருமுறைக்குள் ஆலவாய் இறைவனின் பாசுரத்துக்கு அடுத்த இடம் அவருக்கே என்பதையும் சொல்ல வேண்டும். மரியாதை இருக்கிறது. அது தனி அறையில் வைத்துத் தரும் மரியாதை.

இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு யூதர்களின் வேதத்தைப் பார்க்கலாம். 'தனக்' என்ற பெயரே தோரா, நெவீம், கெதுவீம் என்ற மூன்று பகுதிகளின் முதலெழுத்துகளால் ஆனது. சட்டம் 5, தீர்க்கதரிசிகள் 8, எழுத்துகள் 11, ஆக 24 நூல்கள். மாமியாரை விட்டுப் பிரியாத மோவாபியப் பெண் ரூத்தின் கதை அங்கே மூன்றாம் பகுதியில், உன்னதப்பாட்டு, புலம்பல், பிரசங்கி, எஸ்தர் ஆகியவற்றோடு ஐந்து சுருள்களில் ஒன்றாக இருக்கிறது. ஷாவுவோத் என்னும் அறுவடைத் திருநாளில் அதை வாசிக்கிறார்கள். நம் தமிழ் விவிலியத்தில் அதே கதை நியாயாதிபதிகளுக்கும் சாமுவேலுக்கும் நடுவே வருகிறது. அங்கே கதிர் பொறுக்கிப் பிழைத்த ஒரு விதவையின் கதை. இங்கே தாவீது அரசனின் கொள்ளுப்பாட்டி எப்படி வந்தாள் என்ற வம்சக் கதை. கதை ஒன்றுதான். பக்கத்தில் எதை வைத்தார்கள் என்பதுதான் வேறு.

நம் பாடத்திட்டங்களும் ஒருவகைத் திருமுறைதான். கவிதை வரலாறு நான்கு அலகு ஓடும். ஐந்தாம் அலகின் கடைசியில் 'பெண்ணெழுத்து' என்று ஒரு தலைப்பு, அதற்குள் நாங்கள் எல்லாரும். பருவத் தேர்வு நெருங்கும்போது முதலில் விடுபடுவதும் அதுதான். எங்களைச் சேர்க்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. சேர்த்திருக்கிறார்கள்.

மாணவியின் கேள்விக்கு என் பதில் ஒரு செயலாக இருந்தது. அடுத்த பருவத்தில் பக்தி இலக்கிய வகுப்பை மூத்த திருப்பதிகத்திலிருந்து தொடங்கினேன். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் அவருக்குப் பின்னால் வந்தார்கள். காலத்தில் வந்ததுபோலவே.