மணிமுக்தா வழியே தீவுகளுக்கு

கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை மணி என்றும் முக்தா என்றும் இரண்டு காட்டாறுகளாக இறங்கி, சங்கராபுரம் பக்கத்துச் சமவெளியில் ஒன்றாகி, மணிமுக்தா என்ற பெயரோடு கிழக்கே ஓடுகிறது. அந்தத் தண்ணீர் கடலைத் தொடும் இடத்தில் தீவுகள் இருக்கின்றன. மலையில் அருவியும் சாமைச் சோறும், கடற்கரையில் அலையாத்திக் காடும் நண்டுக் குழம்புமாக, சுற்றுலா போகிறவர்கள் தேடுவதெல்லாம் இந்த ஒரே ஆற்றின் இரு முனைகளில் கிடைக்கின்றன. ஆனாலும் ஆற்றை முழுதாகத் தொடர்ந்து போகிறவர்கள் மிகக் குறைவு.

மேலே தொடங்குவதுதான் முறை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரந்தது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் கோமுகி அணை. அங்கிருந்து மலைப்பாதை வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஏறுகிறது. பெரியார் அருவி, மேகம் அருவி, கவியம் அருவி ஆகியவை மழைக்காலத்தில் மட்டுமே பெயருக்கேற்ற அருவிகள். சித்திரை வெயிலில் போய்ப் பாறையைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறையப் பேர். கரியாலூரில் படகுத்துறை உண்டு. கோடை விழாவும் அங்கேதான் நடக்கும்.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குக் கேரளத்தோடு தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவர் மூன்று மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்பதே அவர்கள் சொல்லும் பூர்வகதை. பேசுவது தமிழ். விளைப்பது சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி. காடு தருவது கடுக்காய், தேன், புளி. சாமையை உரலில் இட்டு உமி போகக் குத்தி, முறத்தில் புடைத்துப் பொங்கினால் சிறுசிறு மணியாக உதிரும் சோறு. அதற்கு அவரைக் குழம்போ கீரைக் கடைசலோ போதும். இந்தச் சாப்பாட்டை மலைக்கு வருகிறவர் காசு கொடுத்துச் சாப்பிடக் கடை கிடைப்பது அரிது. கீழே கிடைக்கும் புரோட்டாவேதான் மேலேயும் கிடைக்கிறது. இது வருத்தமான விஷயம், ஏனென்றால் ஊரார் சமைப்பதை ஊராரே விற்க ஒரு வழி இருந்தால் வருமானம் மலையிலேயே தங்கும்.

வருமானம் தங்காத மலை இது. ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் 1976-இல்தான் முழுதாக அரசின் பொறுப்புக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலைமக்களின் சாலை, மருத்துவம், கல்வி நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அருவியில் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

கீழே இறங்கியதும் நிலம் மாறுகிறது. சங்கராபுரம், கள்ளக்குறிச்சி வட்டாரம் முழுக்கக் கரும்பும் மரவள்ளியும் நெல்லும்தான். கரும்புக்காக மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். மரவள்ளிக் கிழங்கோ லாரி லாரியாக சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது.

இந்த இரண்டு பயிருக்கும் அட்லாண்டிக் கடலின் தீவுகளுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இந்தியாவிலிருந்து மேற்கே பரவிய சர்க்கரைக் கரும்பை, 15-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் மதேரா தீவில் பெரிய அளவில் பயிரிட்டார்கள். அங்கிருந்து அது பிரேசிலுக்குப் போனது. எதிர்த்திசையில் பிரேசிலின் மரவள்ளியும் முந்திரியும் போர்த்துக்கீசியக் கப்பல்களில் ஏறி நம் கரைக்கு வந்தன. அதே மதேராவும், அதே கடலில் உள்ள இன்னொரு போர்த்துக்கீசியத் தீவுக்கூட்டமான அசோர்ஸும் இன்று உலகப் பயணிகளை இழுக்கின்றன. அசோர்ஸின் ஃபூர்னாஸ் பள்ளத்தாக்கில் இறைச்சியும் காயும் கிழங்கும் நிரப்பிய பானையை எரிமலைச் சூடுள்ள மண்ணுக்குள் புதைத்து, மணிக்கணக்கில் வேகவைத்து எடுக்கிறார்கள். அந்த ஒரு சாப்பாட்டுக்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு. உள்ளூர்ச் சமையலை வெளியூராருக்கு முன்னால் பெருமையோடு வைப்பது எப்படி என்பதை அவர்களிடம் கற்கலாம்.

அகரகோட்டாலத்தில் ஆற்றை நிறுத்துகிறது மணிமுக்தா அணை. கோமுகி அணையின் உயரம் 46 அடி. இதற்கு 36 அடிதான். மழை நாட்களில் மலையில் பெய்த செய்தி வருவதற்குள் நீர்மட்டம் ஏறிவிடும். மற்ற மாதங்களில் அணைக்குக் கீழே மணலும் சீமைக்கருவேல முள்ளும்தான். ஆறு என்று சொல்லிக் குழந்தைக்குக் காட்டக் கூசும் இடங்கள் வழியெங்கும் உள்ளன.

நல்லூரில் கோமுகியும் மயூரா நதியும் வந்து சேர்கின்றன. மூன்று ஆறு கூடும் அந்தத் துறையில் வில்வவனேஸ்வரர் கோயில் நிற்கிறது. அடுத்தது விருத்தாசலம். மணிமுக்தாவுக்கு ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். விருத்தகிரீஸ்வரர் கோயிலின் மாசி மகத்தன்று ஆற்றில் தீர்த்தவாரி நடக்கும். காசிக்கு நிகராகக் கருதி முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வருகிறவர்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊரின் இன்னொரு அடையாளம் பீங்கான் தொழில். மூன்றாவது முந்திரி: இங்குள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளோடு வி.ஆர்.ஐ. என்றே தோட்டங்களில் அறியப்படுகின்றன. அட்லாண்டிக் தாண்டி வந்த மரத்துக்கு இதைவிட நெருங்கிய உறவு வேண்டுமா?

கூடலையாற்றூரில் மணிமுக்தா வெள்ளாற்றில் கலந்து தன் பெயரை விடுகிறது. சுந்தரர் பாடிய தலம் அது. பிறகு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு, புவனகிரி, கடைசியாகப் பரங்கிப்பேட்டை.

போர்ட்டோ நோவோ என்று போர்த்துக்கீசியர் பெயரிட்ட துறைமுகம் இதுதான். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டின் படையும் இங்கே மோதின. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பாலை தொடங்கி, சேலத்துத் தாதுவை உருக்கினார். இன்று ஊருக்குப் பெருமை சேர்ப்பது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம்.

முகத்துவாரத்துக்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, பிச்சாவரம். ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகள். அவற்றைப் பிரிக்கும் வாய்க்கால்களில் சில, துடுப்புப் படகு மட்டுமே நுழையும் அளவுக்குக் குறுகியவை. இருபுறமும் சுரபுன்னை தன் முட்டு வேர்களைத் தண்ணீரில் ஊன்றி நிற்கும். வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல் நிமிர்ந்திருக்கும். அதன் இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றித்தான் அந்த மரம் பிழைக்கிறது. 1975-இல் வந்த ‘இதயக்கனி’ இங்கே படமானதைப் படகோட்டிகள் இன்றும் சொல்கிறார்கள். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் பிச்சாவரத்துக்கு இடம் கிடைத்தது.

இந்தக் காடு ஒருமுறை பெரும்பகுதி அழிந்து மீண்ட காடு. மரங்களைத் தொகுதி தொகுதியாக வெட்டிய இடங்களில் மண் காய்ந்து பள்ளமாகி, ஏறி வந்த கடல்நீர் வடியாமல் தேங்கி உப்பு முற்றியது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்து, கன்றுகள் நட்டார்கள். 2004 ஆழிப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னாலிருந்த குப்பங்களில் சேதம் குறைந்தது.

பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பக்கத்து இருளர்கள் வலையின்றி இறால் பிடிப்பதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. இடுப்பளவு நீரில் குனிந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்படுவதைப் பனையோலைப் பறியில் போட்டுக்கொள்வார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வதும் உண்டு. அந்த இறாலை மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வறுத்தால் வேறு மசாலா தேவையில்லை. கூடவே கொடுவா, மடவை, நண்டு. மீன் வேண்டாதவர்களுக்குச் சிதம்பரத்துச் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும்.

அலையாத்திக் காட்டுக்கு உப்பு நீர் மட்டும் போதாது. ஆறு கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் வேண்டும். மணிமுக்தாவில் மணல் அள்ளிப் பள்ளம் போட்டாலும், கரையோர ஊர்களின் சாக்கடையை அதில் திறந்துவிட்டாலும், தண்டனை பிச்சாவரத்துக்குத்தான். சங்கராபுரத்துக்காரர்கள் இந்தத் தீவுகளைத் தங்கள் ஊர் ஆற்றின் கடைமடையாகவே நினைத்துக் காக்க வேண்டும்.

போக ஏற்ற காலம் ஐப்பசி முதல் தை வரை. அருவியில் தண்ணீர் இருக்கும், ஆறு ஓடும், பிச்சாவரத்தில் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும். கனமழை நாட்களில் அருவிக் குளியலுக்கும் படகுக்கும் தடை வருவதுண்டு. விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போனால் ஆறு பெரும்பாலும் கூடவே வரும். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்கு நகரப் பேருந்து உண்டு. காலையில் ஓதம் ஏறும் நேரத்தில் துடுப்புப் படகு எடுத்தால் குறுகிய வாய்க்கால்களுக்குள்ளும் போய்வரலாம்.